டைப்பாகிராஃபி கற்க முதலில் எதைத் தொடுவது: பேனாவா, ஃபிக்மாவா, இன்டிசைனா, பிரவுசரா?

டிசைன் படிக்கிறவர்களிடம் டைப்பாகிராஃபி (உரையைப் படிக்கத் தோதாக அடுக்கும் கலை) என்று பேச்செடுத்தால் இரண்டு கேள்விகள் வரும். எந்த ஃபான்ட் நல்லது? எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்வது? முதல் கேள்வியை இப்போதைக்குத் தள்ளி வைக்கலாம். ஒழுங்காக வரையப்பட்ட ஒரே ஒரு எழுத்துருவை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. யோசிக்க வேண்டியது இரண்டாவது கேள்விதான். ஒவ்வொரு கருவியும் எழுத்தை ஒவ்வொரு விதமாக நடத்துகிறது. முதலில் பழகும் கருவி எதைக் கவனிக்க வைக்கிறதோ, கண்ணும் அதைத்தான் கவனிக்கப் பழகும். அது கண்டுகொள்ளாமல் விடுவதைக் கண்ணும் விட்டுவிடும்.

என் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்கள் பின்னால் வரும். நீளமான உரையை ஸ்டைல் (எழுத்தளவு, இடைவெளி முதலியவற்றை ஒரு பெயரில் சேமித்து வைப்பது) வைத்து ஓட்டிப் பார்க்க முடிகிற கருவியில் தொடங்குங்கள். அச்சுப் பக்கம் ஆசை இருந்தால் பக்கம் அடுக்கும் மென்பொருள்களான இன்டிசைன் அல்லது ஸ்க்ரைபஸ். திரைப் பக்கம் என்றால் பிரவுசரும், இணையப் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் தோற்றத்தையும் எழுதும் மொழிகளான வெறும் ஹெச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும். திரை வடிவமைக்கும் ஃபிக்மாவும், ஆயத்த மாதிரிகளை வைத்து வேலை செய்யும் கேன்வாவும் அப்புறம். கையால் எழுத்து வரைவது கூடவே நடக்கட்டும், ஆனால் அதிலிருந்து தொடங்க வேண்டாம்.

நீளமான உரைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், ஆறு சொல் போஸ்டரில் எதையும் மறைத்துவிடலாம். பெரிய எழுத்து, நல்ல நிறம், பின்னால் ஒரு படம் இருந்தால் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதே ஆள் 1500 சொல் கட்டுரையை நான்கு பக்கத்தில் அடுக்கும்போதுதான் தெரியும், வரி நீளத்தை யோசித்து வைத்தாரா, பத்திக்கும் பத்திக்கும் நடுவில் விட்ட இடத்துக்கு ஏதாவது காரணம் உண்டா, துணைத் தலைப்பு மேலே இருக்கும் பத்தியோடு ஒட்டி நிற்கிறதா கீழே இருப்பதோடு ஒட்டி நிற்கிறதா என்று. டைப்பாகிராஃபியில் பெரும்பாலான தவறுகள் வரியிலும் பத்தியிலும்தான் நடக்கின்றன.

இதைப் பெரியவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள். டைப்பாகிராஃபி மேதை யான் சீஷோல்ட் 1947-இல் பெங்குயின் பதிப்பகத்துக்குப் போனபோது அட்டைகளைச் சீரமைத்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அச்சுக்கோப்பவர்களுக்காக அங்கே அவர் எழுதிக் கொடுத்த விதிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. சொல் இடைவெளி எவ்வளவு, பத்தித் தொடக்கத்தில் எவ்வளவு உள்ளே தள்ளுவது, நிறுத்தக்குறிக்குப் பின் எவ்வளவு விடுவது என்று சின்னச் சின்ன விஷயங்களாகச் சில பக்கங்கள்தான். ஆனால் வரிசையாக வந்த அத்தனை புத்தகங்களின் உள்பக்கங்களும் ஒரே தரத்தில் நின்றது அதனால்தான்.

சரி, கருவிகளுக்கு வருவோம்.

கையால் எழுதுவது, வரைவது

பட்டை முனைப் பேனாவை ஒரே கோணத்தில் பிடித்து எழுதிப் பார்த்தால், ரோமன் எழுத்துகளில் (ஆங்கிலம் எழுதும் எழுத்துகள்) ஓரிடம் தடிமனாகவும் ஓரிடம் மெலிதாகவும் ஏன் வருகிறது என்று கைக்கே புரிந்துவிடும். எழுத்துக்குள் இருக்கும் வெள்ளை இடமும் எழுத்துக்கு நடுவில் இருக்கும் வெள்ளை இடமும் ஒன்றோடொன்று சமநிலையில் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான் புரியும். ஈய அச்சுக் கோப்பதற்கு வாய்ப்புக் கிடைத்தால் அதுவும் நல்ல பாடம். அங்கே வெற்றிடம் என்பது கையில் எடுத்து வைக்க வேண்டிய ஓர் உலோகத் துண்டு. யாரும் வைக்காமல் இடைவெளி தானாக வந்துவிடாது. இதை ஒருமுறை செய்தவர் ஸ்பேஸ் பாரை ஐந்து முறை தட்டிப் பத்தியை உள்ளே தள்ள மாட்டார்.

இவ்வளவு நல்லதென்றால் ஏன் இதில் தொடங்கக் கூடாது? ஏனென்றால் இது எழுத்தின் வடிவத்தைக் கற்றுக் கொடுக்கிறது, உரையின் அமைப்பைக் கற்றுக் கொடுப்பதில்லை. அழகாக எழுத்து வரைகிறவர்கள் பலர் ஒரு பக்கக் கட்டுரையை அடுக்கச் சொன்னால் திணறுவார்கள், இரண்டும் வேறு வேறு திறமை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் பேனாவுக்குக் கொடுங்கள், போதும். எழுத்துரு வடிவமைப்புக்கே போகப் போகிறேன் என்று தீர்மானித்துவிட்டவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு, அவர்கள் பேனாவை விடவே கூடாது.

ஃபிக்மா, கேன்வா

இவற்றைத் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று கண்ணுக்கு அழகாக நிற்கும். அதுதான் கவர்ச்சி, கற்பதற்கு அதுதான் இடைஞ்சலும். கேன்வாவில் டெம்ப்ளேட் எடுக்கும்போது எழுத்தளவு, இடைவெளி, தலைப்பு வரிசை எல்லாவற்றையும் யாரோ முடிவு செய்துவிட்டார். நீங்கள் சொற்களை மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். வேலைக்கு அது போதும், படிப்புக்குப் போதாது.

ஃபிக்மா அப்படியில்லை. அது முறையான கருவி. டெக்ஸ்ட் ஸ்டைல் உண்டு, ஆட்டோ லேஅவுட் உண்டு, திரை வடிவமைப்பில் வேலைக்குப் போனால் பெரும்பாலும் அதில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் அதன் உலகம் பெட்டிகளால் ஆனது. ஒரு பெட்டியில் நிரம்பி வழியும் உரை அடுத்த பெட்டிக்குத் தானாகப் போகாது. அடிக்குறிப்பு கிடையாது, தானாக ஓடும் பக்க எண் கிடையாது. அதனால் அங்கே பழகுகிறவர் உரையைத் தன் பெட்டிக்குத் தகுந்த மாதிரி வெட்டிக்கொள்வார். பட்டனில் இரண்டு சொல், கார்டில் மூன்று வரி, எல்லாமே கச்சிதமாகப் பொருந்தும். நிஜத்தில் பெயர் நீளமாக இருக்கும், தலைப்பு மூன்று வரிக்குப் போகும், யாரோ எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அப்போது என்ன ஆகும் என்பதை நிலையான ஒரு சட்டகம் தானாகக் காட்டாது, நீங்களே நினைத்து நினைத்துச் சோதிக்க வேண்டும். எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரியாத காலத்தில் அது நடக்காது.

இன்டிசைன், ஸ்க்ரைபஸ்

இங்கே நிலைமை தலைகீழ். முதல் நாள் எரிச்சல்தான் வரும். இன்டிசைனில் உரையை ஒட்டினால் சட்டகத்தின் (உரை ஓடும் பெட்டி) மூலையில் சிவப்புக் கூட்டல் குறி தெரியும்: "மிச்சம் உள்ளே இடமில்லாமல் கிடக்கிறது" என்று பொருள். அடுத்த சட்டகத்தோடு இணைக்க வேண்டும். அந்த எரிச்சலில்தான் பாடம் இருக்கிறது. எழுத்தளவை அரை பாயின்ட் (பாயின்ட் என்பது அச்சில் எழுத்தை அளக்கும் அலகு) கூட்டினால் நான்காம் பக்கத்தில் கடைசி வரி தனியாகப் போய் நிற்கும். குறைத்தால் திரும்பி வரும். ஒரு முடிவு எங்கெல்லாம் போய் இடிக்கிறது என்பதை உடனே பார்க்கலாம்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது வரி இடைவெளியை. இன்டிசைன் தானாகக் கொடுப்பது எழுத்தளவில் 120 சதவீதம். 10 பாயின்ட் எழுத்துக்கு 12 பாயின்ட். ரோமன் எழுத்துக்கே இது பல இடங்களில் நெருக்கம். தமிழில் இன்னும் மோசம். மேல் வரியில் ஒரு 'கூ' கீழே இறங்குகிறது, அதற்கு நேர் கீழே ஒரு 'கீ' மேல் சுழியைத் தூக்கி நிற்கிறது, இரண்டும் உரசிக்கொள்ளும். 10 பாயின்ட்டுக்கு 14, 15, 16 என்று மூன்று பிரதி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்துருவைப் பொறுத்து விடை மாறும், ஆனால் 12 விடையாக இருக்காது.

இன்னொரு விஷயம் பலருக்கு வருடக்கணக்காகத் தெரிவதில்லை. இன்டிசைனில் வரி இடைவெளி என்பது இயல்பாகப் பத்திக்கு உரிய குணம் இல்லை, எழுத்துக்கு உரிய குணம். ஒரு வரியில் ஒரே ஒரு சொல்லுக்கு அதிக இடைவெளி தெரியாமல் ஒட்டியிருந்தால் அந்த வரி முழுக்கக் கீழே இறங்கிவிடும். பத்திக்கு நடுவில் ஒரு வரி மட்டும் ஏன் தள்ளி நிற்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். இதைத் தேடிக் கண்டுபிடிக்கிற அனுபவமே ஸ்டைல் போட்டு வேலை செய்ய வைத்துவிடும்.

அப்புறம் இருபுறமும் சீராக்குவது, அதாவது ஜஸ்டிஃபை. இன்டிசைனில் அதற்கான அமைப்பைத் திறந்தால் சொல் இடைவெளி குறைந்தபட்சம் 80, விரும்புவது 100, அதிகபட்சம் 133 சதவீதம் என்று இருக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் எவ்வளவு நெகிழலாம் என்ற அனுமதி அது. "பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்" மாதிரி ஒரு சொல் குறுகலான பத்தியில் வந்து, இடம் போதாமல் அடுத்த வரிக்கு இறங்கினால், மேலே மிஞ்சிய மூன்று சொற்களும் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். அனுமதியெல்லாம் காற்றில் போய்விடும். மாற்றுவழிகள் மூன்று: பத்தியை அகலமாக்குவது, எழுத்தைச் சிறிதாக்குவது, ஜஸ்டிஃபை செய்யாமல் இடப்பக்கம் மட்டும் சீராக விடுவது. மூன்றையும் செய்து பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் டைப்பாகிராஃபி. ஒரு வரிக்கு 45 முதல் 75 எழுத்து என்று நூல்களில் சொல்லும் கணக்கு ரோமன் எழுத்துக்கானது. தமிழுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. நான் சொற்களை எண்ணச் சொல்வேன். சராசரியாக வரிக்கு ஏழெட்டுச் சொல் வராத அகலத்தில் ஜஸ்டிஃபை பக்கம் போகவே வேண்டாம்.

இன்டிசைன் சந்தா கட்டி வாங்க வேண்டியது. ஸ்க்ரைபஸ் இலவசம், திறந்த மூலம். முகம் கொஞ்சம் கரடுமுரடு, மெனுக்கள் எங்கே போய் ஒளிந்திருக்கின்றன என்று தேட வேண்டிவரும். ஆனால் பத்தி ஸ்டைல், இணைந்த சட்டகம், முதன்மைப் பக்கம் (எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான மாதிரி), பேஸ்லைன் கிரிட் (வரிகள் உட்காரும் சம இடைவெளிக் கோடுகள்) என்று கற்பதற்கு வேண்டிய எல்லாம் அதில் உண்டு. தமிழ் அடுக்குகிறவர்கள் இரண்டு இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். இன்டிசைனில் இந்திய மொழி எழுத்துகளையும் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். ஸ்க்ரைபஸில் பழைய 1.4 வரிசையை விட்டுவிட்டு 1.6-க்கு வந்துவிடுங்கள்.

பிரவுசர்

அச்சுப் பக்கத்தில் அகலம் உங்கள் கையில். பிரவுசரில் அகலம் படிக்கிறவர் கையில். இந்த ஒரு வித்தியாசம் மொத்தச் சிந்தனையையும் மாற்றிவிடும். பக்கத்தை வரைய முடியாது, பக்கம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி மட்டும்தான் எழுத முடியும். அகலம் இதற்கு மேல் போகாதே, எழுத்தளவு இதற்குக் கீழே போகாதே, தலைப்பு இத்தனை மடங்கு. ஃபிக்மாவில் கிடைக்காத பயிற்சி இது.

சிஎஸ்எஸ்ஸில் வரி இடைவெளியை எப்படி எழுதுகிறீர்கள் என்பதிலேயே ஒரு பாடம் இருக்கிறது. உடல் உரைக்கு 16 பிக்சல் எழுத்து, வரி இடைவெளி 1.6 என்று அலகில்லாமல் எழுதினால், 40 பிக்சல் தலைப்பு தன் அளவுக்கு ஏற்றபடி 64 பிக்சல் எடுத்துக்கொள்ளும். அதையே 160% என்று எழுதினால் 25.6 பிக்சல் என்று கணக்குப் போட்டு முடித்து அந்த எண்ணையே தலைப்புக்கும் கொடுத்துவிடும். இரண்டு வரித் தலைப்பு ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். 64 பிக்சலும் தலைப்புக்கு அதிகம்தான், அதைத் தனியாக 1.2 அல்லது 1.3-க்கு இறக்க வேண்டும். தமிழ்த் தலைப்பு என்றால் 1.4. எழுத்து பெரிதாக ஆக இடைவெளி விகிதம் சுருங்க வேண்டும் என்பதைச் செய்து பார்த்தே கற்றுக்கொண்டுவிடலாம்.

வரி அகலத்துக்கு சிஹெச் என்ற அலகைப் பயன்படுத்தச் சொல்லிப் பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அது அந்த எழுத்துருவில் பூஜ்யம் என்ற இலக்கத்தின் அகலம். தமிழ் எழுத்துகளில் பல அதைவிட அகலமானவை, 'ணை', 'ஞௌ' எல்லாம் சொல்லவே வேண்டாம். 60 சிஹெச் வைத்தால் 60 எழுத்து வரும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கண்ணால் பார்த்து, சொல்லை எண்ணி, முடிவு செய்யுங்கள்.

பிரவுசரின் பலவீனம் வரி முறிப்பில் தெரியும். வழக்கமாக அது ஒவ்வொரு வரியாகத்தான் பார்க்கும்: இந்த வரியில் எத்தனை சொல் கொள்ளுமோ நிரப்பு, அடுத்ததற்குப் போ. இன்டிசைனின் பாரகிராஃப் கம்போஸர் பத்தி முழுவதையும் பார்த்து, ஏழாவது வரி நன்றாக வருவதற்காக இரண்டாவது வரியில் ஒரு சொல்லை இறக்கிவிடும். ஒரே பத்தியை ஒரே அகலத்தில் இரண்டிலும் ஓடவிட்டு ஓரங்களை ஒப்பிட்டால் இந்த வித்தியாசம் தெரியும். 2023-லிருந்து வரி முறிப்பைக் கட்டுப்படுத்தும் டெக்ஸ்ட்-ராப் என்ற சிஎஸ்எஸ் பண்பில் பேலன்ஸ், பிரெட்டி என்று இரண்டு மதிப்புகள் குரோமில் வந்திருக்கின்றன. தலைப்புக்கு முதலாவது, பத்திக்கு இரண்டாவது. நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் பிரவுசரில் தமிழை ஜஸ்டிஃபை செய்வதை நான் இன்னும் பரிந்துரைப்பதில்லை.

பதிலுக்குப் பிரவுசர் தருவது வேறெங்கும் கிடைக்காது. பிடித்த ஒரு பக்கத்தில் வலது கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் போட்டால் எழுத்துரு என்ன, அளவு என்ன, இடைவெளி என்ன என்று எல்லாம் எண்ணாக வந்து நிற்கும். அங்கேயே மாற்றியும் பார்க்கலாம். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறைகளும் இங்கே நல்ல ஆசிரியர்: எழுத்தை 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் இழக்கக் கூடாது, படிக்கிறவர் வரி இடைவெளியை 1.5 மடங்காக மாற்றினாலும் பக்கம் உடையக் கூடாது. உங்கள் பக்கத்தை இந்த இரண்டு சோதனைக்கும் உட்படுத்திப் பாருங்கள். பெரும்பாலும் உடையும். ஏன் உடைந்தது என்று தேடுவது ஒரு வார வகுப்புக்குச் சமம்.

லேடெக் பற்றி ஒரு வார்த்தை

கணினி அறிவியலாளர் டொனால்ட் நூத் 1970-களின் கடைசியில், தன் புத்தகத்தின் புதிய பதிப்பு அச்சான விதம் பிடிக்காமல் டெக் என்ற அச்சு அடுக்கும் நிரலை எழுத ஆரம்பித்தார். பத்தியை முழுதாகப் பார்த்து வரி முறிக்கும் யோசனை அங்கிருந்துதான் பரவியது. அதன் மேல் எழுந்த லேடெக் கணிதம், ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு அருமையானது. டிசைன் மாணவருக்கு முதல் கருவியாக நான் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்துத் தள்ளி நகர்த்திப் பழக வேண்டிய கட்டத்தில் அது கண்ணைக் கட்டிவிடும்.

வகுப்பா, புத்தகமா, பார்த்துச் செய்வதா

கருவிக்கு அடுத்த தேர்வு இது. வகுப்பின் பெரிய பலன் பாடத்திட்டம் இல்லை, உங்கள் பக்கத்தைப் பார்த்து "இது ஏன் இங்கே?" என்று கேட்க ஒரு ஆள். அது வேறு வழியில் கிடைத்தால் வகுப்பு இல்லாமலும் சமாளிக்கலாம். புத்தகங்கள் வேண்டும், ஆனால் கொஞ்சம் செய்து பார்த்த பிறகு. சுவிஸ் வடிவமைப்பாளர் யோசெஃப் முல்லர்-ப்ரோக்மன் 1981-இல் வெளியிட்ட கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் முறை) நூலை முதலிலேயே திறக்கிறவர்கள் கட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவர் கட்டத்தின் உயரத்தை உரையின் வரிகளை வைத்துக் கணக்கிடுகிறார் என்பது பத்தி அடுக்கிப் பழகியவர் கண்ணுக்குத்தான் படும். பன்னிரண்டு நெடுவரிசை போட்டுவிட்டு உள்ளே எதை வைப்பது என்று யோசிக்கிற பழக்கம் அந்த அவசரத்தில் வந்ததுதான்.

பார்த்துச் செய்வதைப் பலர் குறைவாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மூன்றிலும் வேகமானது அதுதான். நன்றாக அச்சான ஒரு புத்தகத்தின் உள்பக்கத்தை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். நான்கு பக்க மார்ஜின், உரையின் அகலம். வரி இடைவெளியை ஒரே வரியில் அளந்தால் பிழை வரும். ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (எழுத்துகள் உட்காரும் கற்பனைக் கோடு) பத்து வரி தள்ளி இருக்கும் அடிக்கோடு வரை அளந்து பத்தால் வகுக்க வேண்டும். 49 மில்லிமீட்டர் வந்தால் ஒரு வரிக்கு 4.9. ஒரு பாயின்ட் சுமார் 0.353 மில்லிமீட்டர், ஆக ஏறக்குறைய 14 பாயின்ட். இப்படி அளந்த எண்களை வைத்து அதே உரையைத் தட்டச்சு செய்து, அதே அளவில் அச்சிட்டு, மூலப் பக்கத்தின் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். எங்கே விலகுகிறது என்று தெரியும். எழுத்துரு வேறாக இருந்தாலும் பரவாயில்லை, வரிகள் ஒன்றன் மேல் ஒன்று விழுந்தால் போதும்.

யாருக்கு எது

அச்சு, புத்தகம், இதழ் என்று மனம் போகிறவர் இன்டிசைனில் தொடங்கி, கிடைக்காவிட்டால் ஸ்க்ரைபஸில், மூன்று நான்கு மாதம் உரை மட்டுமே அடுக்கட்டும். படமே வேண்டாம். பிறகு அதே உரையைப் பிரவுசருக்குக் கொண்டு போகட்டும். செயலி, இணையம் என்று போகிறவர் நேரே பிரவுசருக்கு. நிரல் என்றாலே பயம் என்பவர்கள் கவலைப்பட வேண்டாம், இதற்குத் தேவைப்படுவது பத்துப் பதினைந்து சிஎஸ்எஸ் பண்புகள்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். ஏற்கெனவே ஃபிக்மாவில் ஆழமாக இறங்கிவிட்டவர் அதை விட வேண்டியதில்லை. ஆனால் அங்கே வரைந்த ஒரு பக்கத்தை எடுத்து, உண்மையான நீள உரையைப் போட்டு, பிரவுசரில் தானே கட்டிப் பார்க்கட்டும். லோகோ, போஸ்டர்தான் உயிர் என்பவருக்கும் நான் சொல்வது இதையேதான், அவர்களுக்கு மூன்று மாதம் வேண்டாம், ஒரு மாதம் போதும்.

முதல் பயிற்சிக்கு உரையைத் தேர்ந்தெடுக்கும்போது டம்மி உரை வேண்டாம். அர்த்தமில்லாத உரையில் எது முக்கியம் எது துணை என்று முடிவு செய்ய எதுவும் இல்லை. இரண்டு மூன்று துணைத் தலைப்பு, ஒரு நீள மேற்கோள், ஒரு பட்டியல், நான்கைந்து அடிக்குறிப்பு, நடுவில் சில ஆங்கிலப் பெயர்கள் உள்ள கட்டுரையாகப் பாருங்கள். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது, சாய்வெழுத்தும் பெரும்பாலும் நிரல் வலுக்கட்டாயமாகச் சாய்த்ததுதான். அதனால் மேற்கோளையும் நூல் பெயரையும் எப்படி வேறுபடுத்துவது என்று நீங்களே ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டிவரும். ஆங்கிலப் பெயர்கள் தமிழுக்கு நடுவில் ஒன்று பெரிதாகத் தெரியும், இல்லை சிறிதாகத் தெரியும். அவற்றுக்கு மட்டும் அளவைக் கொஞ்சம் மாற்றி ஒரு கேரக்டர் ஸ்டைல் (பத்திக்கு இல்லாமல் சில சொற்களுக்கு மட்டும் தரும் ஸ்டைல்) போடுங்கள். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர், இரண்டும் இலவசம், இரண்டிலும் பல தடிமன்கள் உண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.